பேசத் தெரிந்தவனும் தெரியாதவனும்

சில வருஷங்களுக்கு முன்பு என் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளை. அந்த நாவலில் ஒரு கிழவி வருகிறாள். தன் துண்டு நிலம் கைமாறிப் போவதை எதிர்த்து அதிகாரியின் முன்னால் நின்று ஒன்றரைப் பக்கம் பேசுகிறாள். அந்த ஒன்றரைப் பக்கத்தின்மேல் எனக்கு அந்தரங்கமாக ஒரு பெருமை உண்டு. நண்பர்களும் அந்த இடத்தைத்தான் எடுத்துச் சொல்லிப் பாராட்டினார்கள். கணக்குப்பிள்ளை மட்டும் ஒன்று கேட்டிருந்தார்: “இவ்வளவு பேசத் தெரிந்தவளுக்கு நிலம் ஏன் ஸார் போயிற்று? நான் பார்த்த கிழவிகள் ‘சாமி, சாமி’ என்று இரண்டு தரம் சொல்லுவார்கள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விடுவார்கள்.”

அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதக் கை வரவில்லை. கேள்வி மட்டும் மனசில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. அப்படி இருந்த நாளில்தான் வேறு எதையோ தேடிக்கொண்டு போன இடத்தில் ஒரு லத்தீன் சொல் என் கண்ணில் பட்டது. ஃபகுண்டியா என்பது அந்தச் சொல். ஸ்பானிஷ் பாஷையிலும் எழுத்து மாறாமல் அதே உருவத்தில் இருக்கிறது. நாவன்மை என்று தமிழில் சொல்லலாம். ஆனால் அந்த ஒரு சொல்லோடு காரியம் முடிந்துவிடவில்லை. மரியாதையாகச் சொன்னால் நாவன்மை. கொஞ்சம் சிரித்துக்கொண்டு சொன்னால் வாசாலகம். கோபித்துக்கொண்டு சொன்னால் வாயாடித்தனம். நாம் மூன்றாகப் பிரித்து வைத்திருப்பதை அந்தச் சொல் ஒன்றாகவே சுமந்துகொண்டு இரண்டாயிரம் வருஷம் நடந்திருக்கிறது.

சொல்லின் குடும்பத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ‘ஃபாரி’ என்றால் பேசுவது. சுலபமாகப் பேசுகிறவன் ஃபகுண்டுஸ் என்று வாரோ என்ற பழைய ரோமானியப் பண்டிதர் அந்த வேரிலிருந்தே விளக்குகிறார். லத்தீனில் ‘குண்டுஸ்’ என்று முடியும் சொற்கள் ஒரு சுபாவத்தைக் குறிப்பவை. கோபம் மிகுந்தவன் இராகுண்டுஸ். கூச்சம் மிகுந்தவன் வெரெகுண்டுஸ். அதே வரிசையில் பேச்சு மிகுந்தவன் ஃபகுண்டுஸ். ஆகவே இது படித்துத் தேர்ந்த வித்தையைவிடக் கூடப்பிறந்த குணத்தைச் சொல்லும் சொல். பேச்சையே தொழிலாகக் கொண்டிருந்த சிஸரோ இந்தச் சொல்லைத் தொடாமல், ‘எலொக்வென்ஷியா’ என்ற மற்றொரு சொல்லையே எடுத்து ஆண்டார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

அதே வேரில் பிறந்த உறவுகளைப் பாருங்கள். கதைக்கு லத்தீனில் ஃபாபுலா. அதிலிருந்துதான் ஸ்பானிஷ்காரர்கள் பேசுவதற்குச் சொல்லும் ‘அப்லார்’ என்ற வினை வந்தது. கதை சொல்லுவதும் பேசுவதும் அவர்களுக்கு ஒரே வேர். சொல்லப்பட்டு விட்டது என்பதால் விதிக்கு ஃபாட்டும். இன்னும் பேச்சு வராததால் குழந்தைக்கு இன்ஃபன்ஸ். ரோமானியச் சட்டத்தில் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தப் பெயர்தான். அதன் வாயிலிருந்து வரும் வார்த்தை சட்டத்தின் முன்னால் செல்லாது.

பேச்சு பெருகுகிறவன் ஒரு பக்கம்; பேச்சு செல்லாதவன் மறுபக்கம். என் கணக்குப்பிள்ளையின் கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தது என்று எனக்குப் பட்டது.

இந்தச் சொல்லை வைத்து நடந்த மிகப் பெரிய வழக்கு, ஓவிட் என்ற லத்தீன் கவி எழுதிய ‘உருமாற்றங்கள்’ என்ற காவியத்தின் பதின்மூன்றாம் புத்தகத்தில் இருக்கிறது. டிராய் யுத்தத்தில் அகிலீஸ் இறந்துவிட்டான். அவனுடைய கவசமும் கேடயமும் யாருக்கு என்று வழக்கு. கேட்பவர்கள் இரண்டு பேர். அஜாக்ஸ் மலைபோல நின்று சண்டை போட்டவன். யூலிஸிஸ் யோசனையும் பேச்சும் உடையவன். சுற்றிலும் சேனை நின்று கேட்கிறது.

அஜாக்ஸ் முதலில் பேசுகிறான். பொறுமை கிடையாது. கடற்கரையையும் கப்பல்களையும் முறைத்துப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்து, எதிராளியின் நாவன்மையைக் கேலி செய்கிறான். அங்கே ஓவிட் போட்டிருக்கும் சொல் ஃபகுண்டுஸ். கடைசியில், எதற்கு இந்தப் பேச்சு, ஆயுதங்களைச் சத்துருக்கள் நடுவில் எறியுங்கள், போய் எடுத்து வருகிறவனுக்குக் கொடுங்கள் என்று முடித்துவிடுகிறான். நியாயமான யோசனைதான். அதை ஒருவரும் ஏற்கவில்லை.

யூலிஸிஸ் எழுந்திருக்கிறான். உடனே பேசவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்க்கிறான். பிறகு தலை நிமிர்ந்து அகிலீஸின் பெயரைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளுகிறான். அழுகிறவனைப் போலத் துடைத்துக்கொண்டான் என்று ஓவிட் எழுதுகிறார். அந்தப் ‘போல’ ஒன்றே போதும், கவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்பதற்கு. அப்புறம் அஜாக்ஸ் பேசியதற்கு இருமடங்குக்கு மேல் பேசுகிறான். தன் நாவன்மை இதுவரை சேனைக்கெல்லாம் பொதுச் சொத்தாக இருந்தது, இன்றைக்கு ஒரு நாள் எஜமானனுக்காக உழைத்தால் அதற்குப் பொறாமைப்படலாமா என்று கேட்கிறான். இந்த இடத்தில் ஃபகுண்டியா என்ற சொல்லை அவனே பெருமையோடு சொல்லிக்கொள்ளுகிறான். அந்தக் கேடயத்தில் பூமியும் கடலும் நக்ஷத்திரங்களும் செதுக்கியிருக்கின்றனவே, அதன் அர்த்தம் இந்த முரடனுக்குப் புரியுமா என்றும் குத்துகிறான்.

தீர்ப்பு அவன் பக்கம் ஆகிறது. நாவன்மைக்கு என்ன சக்தி என்பது அன்றைக்குத் தெரிந்தது என்று கவி சொல்லும் இடத்திலும் இதே சொல்தான். ஒரே வழக்கில் வசையாகவும், தற்புகழ்ச்சியாகவும், கடைசியில் தீர்ப்பாகவும் அது வந்துவிடுகிறது. அஜாக்ஸ் தன் வாளாலேயே தன்னை மாய்த்துக்கொள்ளுகிறான். அவன் ரத்தம் விழுந்த இடத்தில் சிவப்பாக ஒரு பூ முளைக்கிறது. அதன் இதழில் ‘ஐ’ என்று ஒலிக்கும் இரண்டு எழுத்துக்கள். அவன் பெயரின் முதலெழுத்துக்களும் அவையே. கிரேக்க பாஷையில் ஐயோ என்ற ஓலமும் அதுவே.

இந்தக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் நான் யூலிஸிஸின் பிரசங்கத்தை ரஸித்துக்கொண்டே போவேன். யார்தான் ரஸிக்கமாட்டார்கள்? ஆனால் புத்தகத்தை மூடிய பிறகு மனசில் நிற்பது அந்த இரண்டு எழுத்துத்தான். ஓவிட் நாவன்மையில் யூலிஸிஸுக்கு அண்ணன். அவர் தம்முடைய நாவன்மையைச் செலவழித்தது பேசத் தெரியாதவனுடைய தரப்பு பூவின் இதழிலாவது எழுதப்பட வேண்டும் என்பதற்காக என்றே நான் நினைக்கிறேன்.

ஃபகுண்டியா லத்தீனிலிருந்து ஸ்பானிஷுக்கு வந்தபோது கிரீடம் கொஞ்சம் சரிந்துவிட்டது. உள்ளபடியே ஒருவரைப் புகழ வேண்டுமானால் அவர்களுக்கு ‘எலொக்வென்ஸியா’ இருக்கிறது. ஃபகுண்டியா என்றால் பேச்சு தாராளம் என்று அர்த்தம். தாராளத்தில் அளவு கொஞ்சம் மிஞ்சிவிட்டதோ என்ற சந்தேகமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். வளமானது என்பதற்கு ‘ஃபெகுண்டோ’ என்று வேறொரு சொல் இருக்கிறது. இரண்டுக்கும் உறவு கிடையாது. ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். வாய் பெருகுவதும் நிலம் விளைவதும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். உண்மையில் வேறு வேறு.

ஃபகுண்டோ என்பது ஸ்பானிஷில் மனிதர்களுக்கு வைக்கும் பெயரும்கூட. அந்தப் பெயரில் பழைய கிறிஸ்தவத் தியாகி ஒருவர் உண்டு. ஸ்பெயின் தேசத்தில் ஸாகூன் என்ற ஊருக்கு அவர் பெயரிலிருந்துதான் பெயர் வந்தது. அர்ஜெண்டினாவில் 1788ல் பிறந்த குழந்தை ஒன்றுக்கும் இந்தப் பெயரை வைத்தார்கள். ஹுவான் ஃபகுண்டோ கிரோகா. பிற்காலத்தில் குதிரைப்படை திரட்டிக்கொண்டு மாகாணங்களை நடுங்க வைத்த தலைவன். 1835ல் பர்ராங்கா யாகோ என்ற இடத்தில் வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

பத்து வருஷம் கழித்து, 1845ல், சிலி தேசத்தில் அகதியாக இருந்த தொமிங்கோ ஸார்மியெண்டோ என்ற அர்ஜெண்டினா எழுத்தாளர் ‘ஃபகுண்டோ’ என்ற புத்தகத்தைப் பத்திரிகையில் தொடராக எழுதினார். நாகரிகமும் காட்டுமிராண்டித்தனமும் என்பது அதன் வாதம். நகரம், பள்ளிக்கூடம், சட்டம் எல்லாம் ஒரு பக்கம். பரந்த புல்வெளி, குதிரை, கத்தி மறுபக்கம். கிரோகாவைக் கூண்டில் நிறுத்திவிட்டு, அவன் மூலமாக அன்றைய சர்வாதிகாரி ரோஸாஸைத் தாக்குவது ஆசிரியரின் நோக்கம்.

நாவன்மை என்ற பெயரைத் தாங்கியவன் புத்தகத்தில் அதிகமாகப் பேசுவதே இல்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு புருவத்துக்கு அடியிலிருந்து பார்க்கிறான். திடீரென்று சீறுகிறான். அவ்வளவுதான். பேச்செல்லாம் ஸார்மியெண்டோவுடையது. அதுவும் என்ன பேச்சு! ஆரம்பத்திலேயே செத்துப்போனவனின் ஆவியைக் கூப்பிட்டு, எழுந்து வந்து எங்கள் தேசத்தின் ரகசியத்தைச் சொல் என்கிறார். தாம் அதுவரை கண்ணால் பார்த்திராத பாம்பா சமவெளியைக் கண்முன் விரித்துக் காட்டுகிறார். இளைஞன் கிரோகாவை ஒரு ஜாகுவார் துரத்துகிறது. அந்த நாட்டில் அதைப் புலி என்றுதான் சொல்லுவார்கள். அவன் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி ஒரு மரத்தின்மேல் ஏறிக்கொள்ளுகிறான். கீழே அது உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. கத்தி எடுத்த மனிதனைக் கண்டனம் செய்ய வந்த ஆசிரியர் இந்த இடத்தில் தம் வாதத்தையே மறந்துவிடுகிறார். நாமும் மறந்துவிடுகிறோம். மரத்தின்மேல் இருப்பவன் தப்பித்துக்கொள்ள வேண்டுமே என்றுதான் நமக்குக் கவலை.

விமரிசகர்கள் பலர் இதை ஒரு முரண்பாடு என்பார்கள். என் மதிப்பில் புத்தகம் பிழைத்ததே இதனால்தான். எழுதுகிறவனுடைய நாவன்மை அவன் கொள்கைக்கு அடங்காமல், எதிரியின் உயிருக்கும் கொஞ்சம் உழைத்துவிட்டது. கொள்கை மட்டும் இருந்திருந்தால் அது ரோஸாஸ் 1852ல் வீழ்ந்த அன்றைக்கே பழைய காகிதமாகியிருக்கும்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் யூலிஸிஸின் வக்கீல் ஆகிவிடுவேன். ஸார்மியெண்டோவின் நாவன்மை கிரோகாவுக்கு உயிர் கொடுத்தது. கிரோகாவின் பின்னால் போன ஏழைக் குதிரைக்காரர்களுக்கு அவர் மனசில் இடம் கொடுக்கவில்லை. 1863ல், ஒரு காலத்தில் கிரோகாவிடம் சேவகம் செய்த பெஞலோஸா என்ற தலைவனைச் சரணடைந்த பிறகு கொன்று, தலையை ஈட்டியில் குத்தி வைத்தார்கள். ஸார்மியெண்டோ அதை மெச்சிக் கடிதம் எழுதினார். 1868ல் அவர் குடியரசின் தலைவரானார். 1874 வரையில் பதவியில் இருந்து பள்ளிக்கூடங்களைப் பெருக்கினார் என்பது அவருக்கு அழியாத புகழ். இருந்தாலும் புல்வெளி மனிதன் தன் வாயால் பேசுவதை ஸ்பானிஷ் வாசகர்கள் பரவலாகக் கேட்டது அவர் எதிர்க்கட்சிக்காரர் ஹோஸே எர்னாண்டெஸ் 1872ல் ‘மார்ட்டீன் ஃபியெர்ரோ’ என்ற காவியத்தை வெளியிட்டபோதுதான். அந்தப் புத்தகம் கிராமாந்தரக் கடைகளில் விற்றது. படிக்கத் தெரியாதவர்கள் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

ஸார்மியெண்டோவின் புத்தகம் வந்து சரியாக நூறு வருஷம் கழித்து, 1945ல், மெக்ஸிகோவில் ஹுவான் ருல்ஃபோ என்பவர் ஒரு சிறுகதை வெளியிட்டார். ‘எங்களுக்கு நிலம் கொடுத்தார்கள்’ என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். பிறகு 1953ல் அவருடைய தொகுதியிலும் அது சேர்ந்தது. பேச்சு பெருகிய ஸ்பானிஷ் பாஷையில் பேச்சு வற்றிப்போன கதை அது.

புரட்சிக்குப் பிறகு குடியானவர்களுக்கு அரசாங்கம் நிலம் கொடுக்கிறது. ஆற்றோரத்து நிலத்தை அல்ல. ஒரு புல்கூட முளைக்காத பொட்டல் சமவெளியை. புறப்படும்போது இருபது பேருக்கு மேல். இப்போது நாலு பேர் அந்த வெயிலில் நடந்து போகிறார்கள். ஒருவன் சட்டைக்குள் ஒரு கோழியை வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வருகிறான். பேசலாம் என்றாலும் சூட்டில் பேச்சு வாயிலேயே உலர்ந்துபோகிறது. மழை ஒரே ஒரு துளி விழுகிறது.

நடுவில் அதிகாரியை அவர்கள் பார்த்த கதை வருகிறது. பத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, இவ்வளவு நிலமா என்று பயந்துவிடாதீர்கள் என்கிறார் அவர். தண்ணீர் இல்லையே என்று இவர்கள் ஆரம்பிக்கிறார்கள். எதையும் எழுத்து மூலமாகத் தெரிவிக்கச் சொல்லிவிடுகிறார். சண்டை போடுவதானால் பெரிய பண்ணைக்காரர்களோடு போடுங்கள், உங்களுக்கு நிலம் தருகிற அரசாங்கத்தோடு போடாதீர்கள் என்று உபதேசமும் செய்கிறார். இவர்கள் மறுபடியும் விளக்கப் பார்க்கிறார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கதையில் நாவன்மை உள்ளவர் அதிகாரிதான். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தயாராக இருக்கிறது. குடியானவர்கள் பேசவில்லை என்பதில்லை. அவர்கள் பேச்சு செல்லவில்லை. ரோமானியச் சட்டத்துக் குழந்தை மீசை முளைத்து, துப்பாக்கியையும் குதிரையையும் பறிகொடுத்துவிட்டு நடந்து போகிறது. நிலம் ஏன் போயிற்று என்ற கணக்குப்பிள்ளையின் கேள்விக்கு இங்கே எனக்குப் பதில் கிடைத்தது. ருல்ஃபோவின் ஆட்களுக்கு நிலம் வந்ததும்கூட அதே காரணத்தால், அதே மாதிரிதான்.

இதிலிருந்து ஏழைகள் ஊமைகளாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் செய்துவிடக் கூடாது. அது இன்னொரு அநியாயம். ‘டான் க்விக்ஸோட்’டில் வரும் ஸாஞ்சோ எழுத்தறியாத குடியானவன். வாய் ஓயவே மாட்டான். பழமொழியின்மேல் பழமொழியாக அடுக்குவான். எஜமானர் அதட்டிப் பார்த்தும் நிற்காது. 1615ல் வந்த இரண்டாம் பாகத்தில் வேடிக்கைக்காக அவனை ஒரு ‘தீவு’க்குக் கவர்னராக்குகிறார்கள். அவன் சொல்லும் தீர்ப்புகள் படித்தவர்களை வாயடைக்கச் செய்கின்றன. அவனுக்கு இருப்பது அசல் நாவன்மை. அவனுடைய ஊரிலும் களத்திலும் அடுப்பங்கரையிலும் விளைந்தது. ஆசிரியர் செர்வாண்டெஸ் தம்முடைய நாக்கை அவனுக்கு இரவல் கொடுக்கவில்லை. அவனுடைய நாக்கைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

என் கிழவி செய்த பிழை அவள் பேசியது அல்ல. என் நாக்கால் பேசியதுதான். ஒன்றரைப் பக்கமும் அவளை முன்னால் நிறுத்திவிட்டு, யூலிஸிஸ் மாதிரி நானே கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசியிருக்கிறேன். ஆயுதங்கள் எனக்குக் கிடைத்தன, நண்பர்கள் புகழ்ந்தார்கள். கிழவிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஹொரேஸ் என்ற லத்தீன் கவி எழுதுகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். உன் தோள் தாங்கும் விஷயத்தை எடுத்துக்கொள். அப்படி எடுத்துக்கொண்டவனை நாவன்மையும் கைவிடாது, ஒழுங்கும் கைவிடாது என்பது அதன் சாரம். அங்கேயும் ஃபகுண்டியாதான். மெர்க்குரி என்ற தேவனை ஒரு பாட்டில் ஃபகுண்டுஸ் என்று கூப்பிட்டவரும் இவரே. மெர்க்குரி வியாபாரிகளுக்கும் திருடர்களுக்கும் கூடத் தேவன் என்பதை ரோமானியர்கள் மறைக்கவில்லை. தெய்வம் அப்படிப்பட்டதாக இருந்ததால்தானோ என்னவோ, கவி விஷயத்தை முதலில் வைத்தார், பேச்சைப் பின்னால் வைத்தார்.

இரண்டாம் பதிப்புக்காக அந்தப் பக்கத்தைத் திருத்த உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டு ‘சாமி, சாமி’ என்று இரண்டு சொல்லை மட்டும் விட்டுப் பார்த்தேன். அவள் கணக்குப்பிள்ளையின் கிழவி ஆனாள். என் கிழவி ஆகவில்லை. அவளுக்கென்று ஒரு பேச்சு இருக்குமே, அது எதைப் பற்றி இருக்கும் என்று யோசித்தேன். நிலத்தைப் பற்றித்தான் இருக்கும். உடனே நாவலை முதலிலிருந்து புரட்டினேன். அவள் அந்த நிலத்தில் என்ன பயிர் வைத்தாள் என்று முந்நூறு பக்கத்தில் ஓர் இடத்திலும் நான் எழுதியிருக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், எனக்கே அது தெரியாது.